துவிச்சக்கர வண்டிக்கு வழி எங்கே?

அம்பாறைக் கரையோரத்தைப் போலத் துவிச்சக்கர வண்டிக்கு இணங்கிய நிலம் இந்நாட்டில் அரிது. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை பெயர் சொல்ல ஒரு மேடில்லை. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. வயலுக்குச் செல்லும் விவசாயியும், மீன்பெட்டியைப் பின்னே கட்டிய வியாபாரியும், நெசவாளியும், பாடசாலை மாணவியும் நெடுங்காலமாய் நம்பிய வாகனம் இதுவே. நிலம் இணங்கியும் வீதி இணங்க மறுப்பதேன்?

கொழும்பிலிருந்து பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையே கல்முனையின் கடைத்தெருவுமாகும். தூர இடத்துப் பஸ்ஸும் லொறியும் விரையும் அவ்வீதியிலேதான் பாடசாலைப் பிள்ளையும் செல்லவேண்டியுள்ளது. ஓரமாய்ப் போ என்கின்றனர். ஓரம் எங்கே உளது? நிறுத்திவைத்த முச்சக்கர வண்டிகளும் கடைச் சாமான்களும் அதனைக் கைப்பற்றிவிட்டன. காபட் வீதி கண்டு அபிவிருத்தி என்று மெச்சுகின்றோம். வேகம் கூடியது மெய். எவருடைய வேகம் என்று கேட்டோமில்லை.

சைக்கிள் வசதியற்றவனின் வாகனம் எனும் ஏளனமே இவ்வநீதிக்கு வேர். 2022ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு எரிபொருள் வழங்கல் நிறுத்தப்பட்டபோது அவ்வேளனம் எங்கே போயிற்று? உத்தியோகத்தரும் முதலாளியும் மூலையிற் கிடந்த சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தனர். பெற்றோல் திரும்பிற்று; சைக்கிள் மீண்டும் மூலைக்குப் போயிற்று. இடரிலிருந்து நாம் கற்றது இவ்வளவே.

முன்னொரு காலம் நம் கரையை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டைப் பாருங்கள். சைக்கிள் அவர்தம் இரத்தத்தில் ஊறியதென்பது வெறும் கதை. 1950களிலும் 1960களிலும் அங்கும் மோட்டார் கார் வீதியைக் கவர்ந்தது. 1971இல் வீதி விபத்துக்களில் மாண்டோர் 3,000 பேருக்கு மேல். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் வீதிக்கு இறங்கிப் போராடினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தது. அந்நாடு நெருக்கடி தீர்ந்ததும் மறந்துவிடவில்லை; சைக்கிளுக்குத் தனிப்பாதைகளை அமைக்கத் தொடங்கிற்று. மக்கள் கேட்டதனால் விளைந்த மாற்றம் அது.

வெயில் கொடிது என்பாரும் உளர். அங்ஙனமாயின் வீதியோரம் மரம் நடுக. வீதியை மோட்டாருக்கு எழுதிக் கொடுப்பது வெயிலுக்கு மருந்தாகாது.

நாம் கேட்பது பெரிதன்று. பிரதான வீதியின் இருமருங்கும் கோடிட்டு ஒதுக்கிய ஒரு பாதை. அதில் வாகனம் நிறுத்தத் தடை. பாடசாலை வாயில்களில் வேகக் கட்டுப்பாடு. கடற்கரையை அண்டிய உள்வீதிகளைத் தொடுத்து ஊருக்கு ஊர் செல்ல ஒரு மாற்றுவழி. இவற்றுக்கு வேண்டுவது மை பூசுதலும் மன உறுதியுமே. உள்ளூராட்சி மன்றங்களிடமும் வீதி அதிகார சபையிடமும் இதனைக் கேட்கவேண்டியவர் நாமே. அடுத்த எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டு கேட்பதில் பயனில்லை, இன்றே கேட்போம்.