பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதப் பழகட்டும்

ஊழியர் சேமலாப நிதிப் பணம் கிடைக்கவில்லை என்று சங்க அலுவலகத்துக்கு வரும் தொழிலாளிகள் பலர் கையில் ஒரு கடிதத்தோடு வருகிறார்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். "வீட்டில் படிக்கிற பிள்ளை இல்லையா?" என்று கேட்டால், "பத்தாம் தரம் படிக்குது, ஆனா இதுக்குப் பதில் எழுதத் தெரியாதாம்" என்பார்கள்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. தமிழில் பதில் கேட்பது எமது உரிமை; அதைக் கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் தோட்ட அலுவலகத்திலிருந்து கம்பனியின் கொழும்பு அலுவலகம் வரை காகிதம் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. அது புரியாதவரை இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பிள்ளை மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் படிக்கிறது. பிறகும் ஏன் எழுத வரவில்லை? சாதாரண தரப் பரீட்சைக்காகப் பத்துக் கட்டுரைகளைப் பாடமாக்குகிறார்கள். கேள்வி சற்று மாறினால் பேனா நின்றுவிடுகிறது. சொந்தமாக எழுதினாலோ, கொப்பி முழுக்கச் சிவப்பு மை. அடுத்த நாள் அந்தப் பிள்ளை எழுதுமா?

நாம் பேசும் தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் வரும். அதனால் 'மதர் டீ பிளக்' என்று பிள்ளை எழுதுவது முட்டாள்தனமல்ல, தமிழில் நினைத்ததன் அடையாளம். ஆசிரியர்களிடம் பணிவாகக் கேட்கிறோம்: ஒரு வாரம் இந்த ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். திருத்தியதை மறுபடி எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் முறை எழுதும்போதுதான் கை பழகும்.

தினமும் ஐந்து வரி போதும். அம்மா இன்று எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார், மழையில் பெரட்டு நடந்ததா, தண்ணீர்க் குழாய் எத்தனை நாளாக உடைந்து கிடக்கிறது, இவற்றை எழுதட்டும். பிறகு அந்தக் குழாயைப் பற்றி துரைக்கு ஒரு கடிதம் எழுதட்டும். பார்க்காத கடற்கரையைப் பற்றிய கட்டுரையைவிட இது எளிது, பயனும் உண்டு.

எமக்கு ஆங்கிலம் தெரியாதே என்று பெற்றோர் ஒதுங்க வேண்டாம். கொப்பியைக் காட்டச் சொல்லி, "இதில் என்ன எழுதியிருக்கிறாய், தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். பார்த்து எழுதிய பிள்ளை தடுமாறும். சொந்தமாக எழுதிய பிள்ளை கதையே சொல்லும்.

லயத்துக் காம்பிராவில் மேசை போட இடமேது என்ற கேள்வி நியாயமானது. தோட்டத்தில் உள்ள மண்டபத்தை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து விளக்குப் போட்டுக் கொடுக்கத் தோட்டக் கமிட்டிகளால் முடியும். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் உதவிக்கு வருவார்கள்.

தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர், தொழிற்சங்கவாதி. எமது மக்களின் வாழ்க்கையை அவர் ஆங்கிலத்தில் எழுதியதால்தான் மலையை அறியாதவர்களும் அதை வாசித்தார்கள்.

ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இவை எதுவும் நடக்காது. எந்தப் பாடசாலையில் எத்தனை வெற்றிடம், எப்போதிருந்து என்று எழுதிக்கொண்டு தலைவர்மார் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வர வேண்டும். அந்தப் பட்டியலோடு வலயக் கல்விப் பணிப்பாளரைச் சந்திப்போம்.