புகார் பழையது, பணம் நம்முடையது!

"பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பெயரால் நம் மக்கள் ஏமாற்றப்பட்ட விவகாரத்தைச் சங்கம் மீண்டும் கையில் எடுத்ததும் நம்மவர் சிலரே இப்படிக் கேட்கிறார்கள். அவர்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

நடந்தது என்ன? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் ஏஜெண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். "ஒரே தடவை கட்டினால் போதும், ஐந்து வருஷத்தில் இரட்டிப்பு" என்றார்கள். தோல் பட்டறையில் நின்றவரும் இட்லிக் கூடை சுமந்தவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் வைத்திருந்த பணம் அது. மறு ஆண்டே அடுத்த தவணை கேட்டு நோட்டீஸ் வந்தது! ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பாலிசியை விற்றிருக்கிறார்கள். கட்ட முடியாதவரின் பாலிசி காலாவதியானது. கட்டிய பணமும் போயிற்று. புகார் செய்தோம். ஏஜெண்ட் மாறினார், மேலாளர் மாறினார், பதில் மட்டும் மாறவில்லை: "நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே!"

கையெழுத்து நம்முடையதுதான். படிவம் எந்த மொழியில் இருந்தது? ஒழுங்காற்று ஆணையத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள், அரசியலமைப்பு ஏற்ற மொழிகளில் படிவங்களைத் தரலாம் என்றன. 'தரலாம்' என்றதால் தராமலே விட்டார்கள்! "எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே தமிழில் ஒரு கையெழுத்து. விளக்கியவர் யார்? விற்றால் கமிஷன் வாங்கும் அதே ஏஜெண்ட். பாலுக்குப் பூனை காவல்!

அடுத்து, கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். பத்திரம் கைக்கு வந்த 15 நாளில் வேண்டாம் என்று திருப்பித் தந்திருக்க வேண்டுமாம். இந்தக் கெடு 30 நாளானது 2024இல்தான். நாம் கொடுத்த விவரம் பொய் என்று காட்டிப் பாலிசியை மறுக்கக் கம்பெனிக்கு எவ்வளவு அவகாசம்? 2015இல் திருத்தப்பட்ட காப்பீட்டுச் சட்டம், 45ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள்! ஏஜெண்ட் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்க, இரவு ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்கு 15 நாள்! இது என்ன தராசு?

இது நம் தெருவின் கதை மட்டுமல்ல. 2004-05 முதல் 2011-12 வரை, தவறாக விற்கப்பட்டுக் காலாவதியான பாலிசிகளால் மக்கள் இழந்தது ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அத்தனை பேரும் அறிவிலிகளா? 2024 அக்டோபர் முதல், புதிய பாலிசியில் ஓராண்டுத் தவணை முழுதாகக் கட்டியவருக்கும் சரண்டர் தொகை உண்டு என்று ஆணையமே விதியை மாற்றியது. பழைய முறை நியாயமானதென்றால் மாற்றுவானேன்?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். ஏஜெண்டிடம் வாயால் முறையிட்டது கணக்கில் வராது. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுப்பு வந்தாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். முன்பே மறுப்பு வந்து ஓராண்டு கடந்துவிட்டதா? தாமதத்தின் காரணத்தை எழுதி, பொறுத்தருளக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தின் வரம்பு 2 ஆண்டு. அங்கும் தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பம்பாயில் ஏமாந்து திருநெல்வேலிக்குத் திரும்பியவர் திருநெல்வேலியிலேயே கேட்கலாம்.

எல்லாருக்கும் முழுப் பணமும் வந்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. ஆசை காட்டுவது அவர்கள் தொழில்! ஆனால் கேட்காத பணம் ஒருநாளும் திரும்பாது.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பத்திரம், ரசீது, பழைய கடிதம் எதையும் கிழிக்காமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மனுவை நாம் எழுதித் தருகிறோம். தனியாகப் போனால் வாசலில் நிறுத்துவார்கள். சேர்ந்து போனால் நாற்காலி போடுவார்கள்!