வறுத்த பயறும் முளைக்கும்

எங்கள் ஊர் திருப்புட்குழி. சடாயு என்னும் புள்ளுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர் பெரியோர். இங்குள்ள மரகதவல்லித் தாயாரை வேண்டும் பெண்கள், வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவர். விடியலில் அது முளைத்திருந்தால் மகப்பேறு வாய்க்கும் என்பது நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் வறுத்த பயறு முளைக்கும் விந்தையை விஞ்ஞானத்தின் வாயிலாக நான் அண்மையில் கண்டேன்.

நண்பர்களே! அரசு 2006 முதல் வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியில் மஞ்சள், வெள்ளைக் கம்பிகளைச் செருகி நம்மில் பலர் 'டி.வி. கேம்' ஆடியிருப்போம். கேசட்டின்மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபதோ முப்பதோ தேறும். மற்றவை எல்லாம் அவையே வேறு பெயரில்! அந்தப் பெட்டி, ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் வெளியிட்ட 'பேமிகாம்' என்னும் கருவியின் நகல். மூலக் கருவியின் உற்பத்தி 2003இல் நின்றுவிட்டது. நம் வீட்டு நகல்களோ எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தன.

பொங்கல் விடுமுறைக்கு வந்த என் அத்தை மகன் கையில் சிறு கருவி ஒன்று இருந்தது. மூன்றரை அங்குலத் திரை. இடப்புறம் சிலுவை வடிவப் பொத்தான். வலப்புறம் நான்கு பொத்தான்கள். ஒரு வாரம் அதை என்னிடம் விட்டு வைத்தான். அதற்குள் பேமிகாம் இருந்தது, கேம்பாய் இருந்தது, பிளேஸ்டேஷனும் இருந்தது. எப்படி?

'எமுலேட்டர்' என்னும் நிரல்தான் இந்த வித்தையைச் செய்கிறது. நம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஏர் பிடித்தவர் இரவில் கட்டை கட்டித் துரியோதனனாக வந்து நிற்கிறார். உடல் அவருடையது, நடையும் பேச்சும் துரியோதனனுடையவை. அதுபோலவே, இக்கருவியின் சிப் புதியது. ஆனால் பழைய ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அந்தப் பழைய சிப் என்ன செய்திருக்குமோ அதையே செய்கிறது. பேமிகாமின் சிப் நொடிக்கு ஏறத்தாழ 18 இலட்சம் துடிப்புகள் கொண்டது. இன்றைய சிப்போ நூறு கோடிக்கு மேல் துடிக்கிறது. ஆகவே வேடம் கட்ட நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. பேமிகாமில் ஒரே கிடைவரியில் எட்டுக்கு மேற்பட்ட நகரும் உருவங்களைக் காட்ட இயலாது. கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் மினுக்கி மினுக்கி மறையும். வீட்டு டி.வி. பழுது என்றே அன்று எண்ணினோம்! இக்கருவி அந்தக் குறையையும் அப்படியே நடித்துக் காட்டுகிறது. 'கான்ட்ரா'வின் தொடக்கத்தில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினேன். மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர் வந்தது. படமும் கூர்மை, 240 வரிகள் 480 வரித் திரையில் சரியாக இருமடங்காகப் பொருந்துவதே காரணம்.

குறைகளும் உண்டு. அரை மணி ஆடினால் கட்டைவிரல் வலிக்கிறது. வாத்து சுடும் ஆட்டம் பயனற்றுப் போயிற்று. அதன் துப்பாக்கி பழைய குழாய் டி.வி.யின் ஒளியை நம்பிப் பிறந்தது. மேலும், எந்த நொடியிலும் ஆட்டத்தை உறைய வைத்து, தோற்றால் அங்கிருந்தே தொடரலாம். இது வசதி என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். கடைசி உயிரோடு பாலத்தைத் தாண்டும் அச்சம் போய்விட்டால் அந்த ஆட்டத்தில் மிச்சம் என்ன?

"இது திருட்டு அல்லவா?" என்று கேட்டார் பேராசிரியர் ஒருவர். நல்ல கேள்வி. போலச் செய்யும் நிரல் திருட்டன்று. கனெக்டிக்ஸ் கம்பெனிமீது சோனி தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய நிரலை ஆக்குவதற்காக மூலத்தை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்றது. ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அனுமதியின்றி அட்டையில் நிரப்பி விற்கிறார்களே, அது பிறர் உழைப்பை விற்றுப் பிழைப்பதே. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

எனினும் மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று விலைக்கே கிடைப்பதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு கூறியது. நம் ஊர்க் கடைகளிலோ நான் அறிந்தவரை அசல் கேசட் வந்ததே இல்லை. உரிமையுடையவர் விற்கவும் மாட்டார், பிறர் காக்கவும் விடமாட்டார் என்றால் அது செல்லரிக்கும் ஏட்டைப் பரணில் பூட்டி வைப்பது போன்றது. ஏட்டைப் படியெடுத்தவர்களால் அல்லவா நமக்குச் சங்க நூல்கள் கிடைத்தன? 1949இல் சென்னை அரசு பாரதி பாடல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்கள் சொத்தாயின. விற்பனை நின்று இருபது ஆண்டான ஆட்டங்களுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். நூலகங்கள் அவற்றைப் பாதுகாத்து மாணவர்க்குத் தரவேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று. கேம்பாய்க்குப் புதிய ஆட்டங்களை இன்றும் உலகெங்கும் எழுதுகிறார்கள். சி மொழியிலேயே எழுத இலவசக் கருவிகள் உள்ளன. ஒரு சிறு ஆட்டத்துக்கு 32 கிலோபைட் போதும். எங்கள் வகுப்பில் மூவர் சேர்ந்து ஆடுபுலி ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறோம்: மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று முனைகள். புலி நகர்கிறது, ஆட்டை வெட்டத் தாண்டும் இடத்தில் நின்றுவிடுகிறது. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் 'ஆ' என்ற எழுத்து அடங்க மறுத்ததால், அதற்கு மட்டும் இரண்டு கட்டம் கொடுத்திருக்கிறோம்.