ராணுவத் துப்பாக்கி: வாயுக் குழாய் குட்டையானால் தேய்மானம் ஏன் கூடுகிறது?

தேசிய தின அணிவகுப்பில் நம் வீரர்கள் ஏந்தி வரும் எம்4 துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் கோல்ட் நிறுவன உரிமத்தோடு அதை இங்கே தயாரித்தது எஸ்எம்இ ஆர்ட்னன்ஸ். அதன் ஆலை இருக்கும் பத்து ஆராங், பத்துமலையிலிருந்து ராவாங் பக்கம் போனால் வரும் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்.

இதே குடும்பத்தின் மூத்த அண்ணன் எம்16. அதன் குழல் 20 அங்குலம், எம்4-க்கு 14.5 அங்குலம்தான். வாகனத்தில் ஏறி இறங்க, காட்டுக்குள் நடக்க வசதி. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

தோட்டா வெடித்ததும், குழலில் இருக்கும் ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு பின்னால் திரும்பி வரும். அதுதான் போல்ட்டைத் தள்ளி, காலி உறையை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இதே வேலைதான்.

எம்16-இல் அந்தத் துளை சுமார் 13 அங்குலம் தள்ளி இருக்கிறது. எம்4-இல் 8 அங்குலத்துக்கும் குறைவு. வெடிப்புக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், வாயு சீக்கிரம் வருகிறது, அதிக சூட்டோடும் அழுத்தத்தோடும் வருகிறது.

அதனால் என்ன?

பத்துமலை நிலையத்தில் கொமுட்டர் முழுசா நிற்பதற்குள் கதவைப் பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கலாம், ஆனால் அது எத்தனை நாள் தாங்கும்?

இங்கேயும் அதே கதைதான். உறை இன்னும் அறைச் சுவரோடு ஒட்டியிருக்கும்போதே போல்ட் திறக்கத் தொடங்குகிறது. உறையைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, அதன் ஸ்பிரிங், போல்ட்டின் பற்கள் எல்லாம் கூடுதல் அடி வாங்குகின்றன. வாயுத் துளையும் சூட்டில் அரிக்கப்பட்டு மெல்ல அகலமாகிறது. துளை அகன்றால் இன்னும் அதிக வாயு, இன்னும் வேகம், இன்னும் தேய்மானம்.

கொக்கி உறையை நழுவவிட்டால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். சண்டைக்களத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

தீர்வு இருக்கிறதா?

இருக்கிறது. எம்4-க்கு வலுவான எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங், போல்ட்டின் வேகத்தைக் குறைக்கும் கனமான பஃபர் ஆகியவை வந்தன. அமெரிக்கச் சிறப்புப் படைகள் 2018 வாக்கில் இன்னொரு படி போய், அதே 14.5 அங்குலக் குழலில் துளையை சுமார் 2 அங்குலம் முன்னால் தள்ளிய நடுத்தர அமைப்பை எடுத்துக்கொண்டன. நீளம் கூடவில்லை, அடி குறைந்தது.

அதற்காகத் துளையை எவ்வளவு வேண்டுமானாலும் முன்னால் தள்ள முடியாது. துளையைத் தாண்டிய தோட்டா குழலை விட்டு வெளியேறும்வரைதான் அழுத்தம் இருக்கும். அந்த நேரம் ரொம்பக் குறைந்தால் போல்ட் முழுசா பின்னால் போகாது.

உங்களுக்கு ஏன் தெரிய வேண்டும்?

1960 ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இங்கே யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனால் ராணுவத் துப்பாக்கிக்குப் பணம் கட்டுவது நாம்தான். வாங்கும் விலை ஒரு முறை செலவு; போல்ட், ஸ்பிரிங், குழல் மாற்றுவது வருடா வருடம் வரும் செலவு.

அடுத்த முறை ஆயுதக் கொள்முதல் செய்தி வந்தால், "ஒன்று எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை ஆயிரம் சுடுகளுக்கு ஒரு முறை பாகம் மாற்ற வேண்டும், அந்தப் பாகம் இங்கேயே கிடைக்குமா?" என்றும் கேளுங்கள்.