'சில நேரம்' என்பதும் ஒரு ரீடிங்தான்

நாலு வருஷ லேப்ல, "சில நேரம் வரும், சில நேரம் வராது" என்று ஒரு எக்ஸ்பெரிமென்ட்டாவது நமக்குக் கொடுத்திருக்காங்களா? யோசிச்சுப் பாருங்க. ஓம்ஸ் லா திங்கட்கிழமையும் வரும், வெள்ளிக்கிழமையும் வரும். வரலைன்னா சீனியரோட ரெக்கார்ட் நோட் இருக்கு, அதுலேருந்து ரீடிங்கை இறக்கிடலாம். கிராஃப் நேர்கோடா வந்தா பத்துக்குப் பத்து.

வெளியில இருக்கிற மெஷின் எதுவும் நம்ம ரெக்கார்ட் நோட்டைப் படிச்சதில்லை. அது செவ்வாய்க்கிழமை ஓடும், புதன்கிழமை மக்கர் பண்ணும், வியாழக்கிழமை ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடியும் ஓடும்.

நான் சொல்ல வர்றது இதுதான்: ஃபால்ட் கண்டுபிடிக்கறது தனியான ஒரு இன்ஜினியரிங் வேலை. ஆனா அதுக்குக் காலேஜ்ல மார்க் இல்லை, வெளியில காசு இல்லை. மார்க்கும் காசும் இல்லாத வேலையை யாரும் ஒழுங்காச் செய்யமாட்டாங்க. ஒரு பழைய காரை வச்சு இதை விளக்குறேன்.

குன்னூர்ல எங்க மாமாகிட்ட ஒரு 2006 மாடல் பெட்ரோல் கார் இருக்கு. பாட்டியை மாசம் ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். காலையில ஆறு மணிக்கே கிளம்பணும். சில நாள் சாவியைத் திருப்பினதும் வண்டி கிளம்பிடும். சில நாள் ஸ்டார்ட்டர் பத்துப் பதினஞ்சு செகண்ட் சுத்தும், இன்ஜின் பிடிக்கவே பிடிக்காது. நாலாவது, அஞ்சாவது முயற்சியில ஒரு இருமல் இருமிட்டு ஓட ஆரம்பிக்கும். அப்புறம் நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லை. தினமும் ஸ்டார்ட் ஆகாத வண்டின்னா ஆட்டோவுக்குச் சொல்லி வச்சிடலாம். எந்த நாள் ஆகாதுன்னு தெரியாத வண்டியை வச்சுக்கிட்டு வயசான ஒருத்தரை எப்படி வாசல்ல நிறுத்தி வைக்கிறது?

வண்டி வொர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது இன்ஜின் சூடா இருக்கும், ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகும். கண்ணுக்குத் தெரியாத பிரச்சினைக்கு மெக்கானிக் என்ன செய்வார்? முதல்ல பேட்டரியை மாத்தினார். அடுத்து ஸ்பார்க் பிளக். மூணாவதா கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். மொத்தம் 8,000 ரூபாய்க்கு மேல போச்சு. ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு நாள் வண்டி நல்லா ஓடுச்சு, அப்புறம் பழைய கதைதான்.

அந்த நாலஞ்சு நாள்தான் இதுல பெரிய பொறி. விட்டு விட்டு வர்ற ஃபால்ட், நீங்க எதையுமே மாத்தலைன்னாலும் நாலஞ்சு நாள் வராமத்தான் இருக்கும். நடுவுல ஒரு பார்ட்டை மாத்திட்டா, சரியான பேரு அந்தப் பார்ட்டுக்குப் போயிடும். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான். மெக்கானிக் ஏமாத்தறார்னு நான் சொல்லலை. அவர் மாத்தின மூணுமே கோல்ட் ஸ்டார்ட்டோட நேரடித் தொடர்பு உள்ள பார்ட்தான். தப்பான இடத்துல தேடலை, அளக்காம தேடினார், அவ்வளவுதான்.

குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக என்ன வேணும்? பெட்ரோல் திரவமா இருந்தா எரியாது, ஆவியாகணும். உலோகம் குளிர்ந்து இருக்கும்போது உள்ளே வர்ற பெட்ரோல்ல ஒரு பகுதி சுவர்லயே ஒட்டிக்கும். அதனால வழக்கமான 14.7-க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் கலவை பத்தாது, கூடுதலா பெட்ரோல் கொடுக்கணும். அம்பாசிடர் காலத்துல டிரைவரே சோக் நாபை இழுத்து இதைச் செய்வார். குளிரைத் தோல்ல உணர்ந்து, சத்தத்தைக் காதுல கேட்டு, எவ்வளவு இழுக்கணும்னு அவரே முடிவு பண்ணுவார். இன்ஜெக்‌ஷன் வண்டியில அந்த வேலையை ஈசியூ செய்யுது. கூலன்ட் சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் பல கார்கள்ல 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். அதைப் பார்த்துத்தான் இன்ஜின் குளிர்ந்திருக்கா சூடா இருக்கான்னு ஈசியூ முடிவு பண்ணும். சென்சார் பொய் சொன்னா இன்ஜின் பட்டினி கிடக்கும், இல்லைன்னா பெட்ரோல்ல மூழ்கும்.

ஆக, ஸ்டார்ட் ஆகாததுக்குக் காரணம் மூணு இடத்துல இருக்கலாம்: சுத்துற வேகம், ஸ்பார்க், பெட்ரோல். எந்த இடம்னு தெரியணும்னா, ஃபால்ட் நடக்கும்போது பக்கத்துல யாராவது இருக்கணும். மெக்கானிக் காலை ஆறு மணிக்கு நம்ம வீட்டு வாசல்ல இருக்கமாட்டார். மாமா இருப்பார். அதனால அவர்கிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில இதெல்லாம் எழுதுங்கன்னு சொன்னேன்: வண்டி எத்தனை மணி நேரம் நின்னுச்சு, வெளியில எத்தனை டிகிரி, ஸ்டார்ட்டர் வேகமா சுத்துச்சா இழுத்து இழுத்துச் சுத்துச்சா, மல்டிமீட்டர்ல பேட்டரி எவ்வளவு, பெட்ரோல் வாசனை வந்துச்சா, எத்தனை செகண்ட்ல பிடிச்சுது, கடைசியா என்னைக்கு பெட்ரோல் போட்டது. "மாப்ள, இது என்ன ஜாதகம் மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சார். ஆனா மூணு வாரம் விடாம எழுதினார்.

ஒவ்வொரு காலமும் ஒரு கேள்விக்குப் பதில். ஃபுல் சார்ஜ்ல இருக்கிற பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுத்தும்போது 9.6-க்குக் கீழே இறங்கினா பேட்டரி பக்கம் சந்தேகம் வரும். வோல்டேஜ் நல்லா இருந்தும் ஸ்டார்ட்டர் மெதுவா சுத்தினா கேபிள், எர்த் கனெக்‌ஷன், ஸ்டார்ட்டர் பக்கம் பார்க்கணும். வேகமா சுத்தி, பெட்ரோல் வாசனையும் அடிச்சு, இன்ஜின் பிடிக்கலைன்னா ஸ்பார்க் இல்லை, இல்லைன்னா பெட்ரோல் அதிகம். வேகமா சுத்தியும் வாசனையே இல்லைன்னா பெட்ரோல் வந்து சேரலை.

மாமா நோட்டுல மக்கர் பண்ணின எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்துச்சு: நல்ல வேகம், நல்ல வோல்டேஜ், வாசனை இல்லை. பேட்டரியும் பிளக்கும் ஒரு பைசா செலவில்லாம சந்தேகப் பட்டியல்லேருந்து பின்னுக்குப் போயிடுச்சு. இதைவிட முக்கியமான வரி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேரா இருந்துச்சு. குடும்பத்தோட வெளியூர் போனதால வண்டி ரெண்டு நாள் நின்னிருக்கு. நல்ல வெயில், மத்தியானம் ஒரு மணி, பானெட்டைத் தொட்டா சுடுது. அன்னைக்கும் ஸ்டார்ட் ஆகலை! அதுக்கு நேர்மாறா, 10 டிகிரிக்குப் பக்கத்துல குளிர்ந்த ஒரு ராத்திரி, வண்டி அஞ்சு மணி நேரம்தான் நின்னது, ஒரே திருப்புல கிளம்பிடுச்சு.

அதாவது பிரச்சினை குளிர் இல்லை, நிக்கற நேரம். 'கோல்ட் ஸ்டார்ட் பிராப்ளம்'னு நாம வச்ச பேரே நம்மளைத் தப்பான பக்கம் கூட்டிட்டுப் போயிருக்கு. ராத்திரி முழுக்க நிக்கற வண்டி காலையில குளிர்ந்துதான் இருக்கும். இந்த ரெண்டையும் நோட்டு மட்டும்தான் பிரிச்சுக் காட்டுச்சு.

அடுத்த டெஸ்ட்டுக்குச் செலவே இல்லை. சாவியை ஆன் பண்ணினதும் பெட்ரோல் பம்ப் சுமார் ரெண்டு செகண்ட் ஓடி லைன்ல பிரஷர் ஏத்தும். ஸ்டார்ட் பண்ணாம மூணு நாலு தடவை ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு செஞ்சுட்டு அப்புறம் திருப்பினா? உடனே பிடிச்சுது. அதுக்கப்புறம்தான் மெக்கானிக்கிட்ட நோட்டோட போனோம். அவர் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தார். இன்ஜின் ஆஃப் ஆனப்போ 3 பார், மறுநாள் காலையில பூஜ்யம். டேங்க் பக்கம் போற ரப்பர் ஹோஸை கிளாம்ப் பண்ணிப் பார்த்தப்போ பிரஷர் அப்படியே நின்னுச்சு. அப்போ இன்ஜெக்டர் ஒழுகலை, கசிவு டேங்க் பக்கம். (பிரஷர்ல இருக்கிற பெட்ரோல் லைன் இது, தெரியாதவங்க வீட்ல கை வைக்காதீங்க.) பம்ப் யூனிட்டுக்குள்ள பெட்ரோலைத் திரும்ப விடாம பிடிச்சு வைக்கிற சின்ன செக் வால்வ் சில நாள் ஒழுங்கா மூடும், சில நாள் மூடாது. அந்த 'சில நேரம்' இதுலேருந்துதான் வந்திருக்கு.

ஸ்கேனர் மாட்டினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடுமேன்னு கேட்பீங்க. இந்தியாவுல ஓபிடி-1 கட்டாயமானது 2010-ல, ஓபிடி-2 2013-ல. 2006 வண்டி அதுக்கு முந்தையது. புது வண்டியா இருந்தாலும், சென்சார் இல்லாத இடத்தை ஈசியூ எப்படிப் பார்க்கும்? பெட்ரோல் லைன்ல பிரஷர் சென்சாரே இல்லாத வண்டிகள் நிறைய உண்டு. ராத்திரி இறங்கின பிரஷருக்கு அதுல எந்தக் கோடும் வராது.

இன்னொரு கட்சி, "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால வந்தது"ன்னு சொல்லும். சந்தேகத்துல நியாயம் இருக்கு. ஒரு கிலோ எத்தனாலை ஆவியாக்க பெட்ரோலைவிட ரெண்டு மடங்குக்கும் மேல வெப்பம் வேணும். பிரேசில்ல 2003-லேருந்து வந்த ஃப்ளெக்ஸ் ஃப்யூல் கார்கள்ல, குளிர்ல ஸ்டார்ட் பண்ணறதுக்குன்னே தனியா ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் வச்சிருந்தாங்க. ஆனா சந்தேகம் ரீடிங் ஆகாது. மாமா நோட்டுல பெட்ரோல் போட்ட தேதியும் இருந்துச்சு. மக்கர் பண்ணின நாட்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே தெரியலை.

எனக்கு உறுத்தினது கடைசியில நடந்ததுதான். கேஜ் மாட்டிப் பார்த்ததுக்கு மெக்கானிக் தனியா 500 ரூபாய் கேட்டார். "பார்ட் எதுவும் மாத்தலையே, பார்த்ததுக்கு எதுக்குக் காசு?"ன்னு மாமா கேட்டார். அதே மாமா தேவையில்லாத மூணு பார்ட்டுக்கு முகம் சுளிக்காம பணம் கொடுத்தவர். நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். கையில எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளுக்குக் காசு கொடுப்போம், யோசனைக்குக் கொடுக்கமாட்டோம். யோசிச்சா காசில்லை, பார்ட் மாத்தினா காசுன்னா, எந்த மெக்கானிக்கும் பார்ட்டைத்தான் மாத்துவார்.

நம்ம லேபும் இதே கணக்குத்தான். கிராஃபுக்கு மார்க், 'ஏன் வரலை'ங்கற கேள்விக்கு மார்க் கிடையாது. அதனால நான் கேட்கறது பெரிய விஷயம் இல்லை. செமஸ்டருக்கு ஒரே ஒரு லேப் கிளாஸ், வேணும்னே ஃபால்ட் வச்ச கிட்டோட நடக்கட்டும். ஒரு லூஸ் எர்த், சென்சாருக்குப் பதிலா ஒரு ரெசிஸ்டர், கான்டாக்ட் தேஞ்ச ஒரு ரிலே போதும். இதுக்கு எப்படி மார்க் போடறதுன்னு சார், மேடம் கேட்கலாம். ஒரு தாள்ல மூணு காலம் போடச் சொல்லுங்க: என்ன சந்தேகப்பட்டேன், எதை அளந்தேன், எது பட்டியல்லேருந்து போச்சு. ஃபால்ட்டைப் பிடிக்காதவனும் அந்தத் தாளுக்கு மார்க் வாங்கலாம். சீனியர் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து இதை எழுதவே முடியாது.

இது மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்க சமாச்சாரம்னு மத்த டிபார்ட்மென்ட் தாண்டிப் போகவேண்டாம். ஈசிஈ ஆளுக்கு டிரை சால்டர் இருக்கு. சிஎஸ்இ ஆளுக்கு, அவன் லேப்டாப்ல மட்டும் ஓடற கோட் இருக்கு. ரிவ்யூ அன்னைக்கு மட்டும் படுத்துக்கற ப்ராஜெக்ட் எல்லா டிபார்ட்மென்ட்லயும் இருக்கு.

கிளாஸ் வர்ற வரைக்கும் ரெண்டு காரியம் நாமளே செய்யலாம். எது 'சில நேரம்' மக்கர் பண்ணுதோ, அது பண்ற நேரத்தையும் பண்ணாத நேரத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. அடுத்த தடவை வண்டி விடும்போது, "முதல்ல பார்த்துச் சொல்லுங்கண்ணா, பார்த்ததுக்கு நான் தர்றேன்"னு சொல்லுங்க.