ஆற்றுக்குக் கணக்கு எழுதும் பூச்சிகள்

சைதாப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு ட்ரவுட் மீனைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். அந்த மீனுக்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓடைத் தண்ணீர் வேண்டும். நம்ம அடையாற்றில் விட்டால் ஒரு நாள் தாங்காது. நான் சொல்ல வந்தது மீனைப் பற்றி இல்லை, அதன் சாப்பாட்டைப் பற்றி!

முதலில் கொஞ்சம் வரலாறு. ட்ரவுட் இந்தியாவின் சொந்த மீன் இல்லை. 1860-களில் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சனின் முயற்சியில் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. வானவில் ட்ரவுட் மலை ஓடைகளில் நிலைத்தது. எல்லாம் வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்காகத் தூண்டில் போடத்தான். அந்நிய மீனை நம் ஓடையில் விட்டது சரியா என்பது தனிச் சண்டை.

ஆனால் அந்தத் தூண்டில்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அவர்கள் மண்புழு மாட்டுவதில்லை. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் போலிப் பூச்சி செய்கிறார்கள். இன்று ஆற்றில் எந்தப் பூச்சி இருக்கிறதோ, போலியும் அதே மாதிரி இருந்தால்தான் மீன் ஏமாறும். அதனால் தூண்டில் வீசும் முன் ஓடைக் கல்லைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

அங்கே முக்கியமாகத் தேடுவது மூன்று பேரை. ஒன்று, மேஃபிளை. பல மாதம் தண்ணீருக்குள் வளர்ந்து, இறக்கை முளைத்தபின் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் வாழும். அப்போது சாப்பிட வாய்கூட வேலை செய்யாது. (நம்ம ஈசல் வேறு, அது கரையான்.) இரண்டாவது, கேடிஸ். இதன் புழுக்களில் பல, மணலையும் குச்சியையும் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். மூன்றாவது, ஸ்டோன்ஃபிளை. ரொம்ப கறார் பேர்வழி, சாக்கடை கலந்தால் முதலில் காணாமல் போகிறவர்களில் ஒன்று.

இங்கேதான் காமர்ஸ் மாணவனுக்கு வேலை. பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதிப்பது பேலன்ஸ் ஷீட் மாதிரி. அந்த ஒரு நேரத்து நிலவரம்தான் தெரியும். ராத்திரி கழிவைத் திறந்துவிட்டு, காலையில் நல்ல பிள்ளையாக இருக்கலாம். பூச்சியோ மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. அது லெட்ஜர். நேற்று என்ன வந்தது என்பதும் அதில் பதிவாகிவிடும்.

இங்கிலாந்தில் தூண்டில்காரர்களே 2007 முதல் இதை முறையாகச் செய்கிறார்கள். மாதாமாதம் வலை வைத்துப் பூச்சிகளை எண்ணி, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அரசுக்குத் தகவல் சொல்கிறார்கள்.

இங்கே என்ன நடக்கிறது? 2006-ல் அமைந்த அறக்கட்டளைதான் இப்போது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. முகத்துவாரத்தில் 2011-ல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் ஆறு தேறியதா என்று சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடக்கிற ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கை வைத்துத்தானா?

"சமவெளி ஆற்றில் மலைப் பூச்சி எப்படி வரும்?" என்று கேட்பீர்கள். வராது. ஸ்டோன்ஃபிளையை நான் கேட்கவும் இல்லை. வெதுவெதுப்பான குளத்திலும் வாழும் மேஃபிளைகள் உண்டு, தட்டான் குஞ்சுகள் உண்டு. இன்னொரு பக்கம் ரத்தப்புழு. கலர் மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சாக்கடையிலும் பிழைக்கும். செம்பரம்பாக்கம் பக்கம் தொடங்கி சில இடங்களில் கரையிலிருந்தே வலை போட்டு, எங்கே யார் இருக்கிறார்கள் என்று மாதம் ஒருமுறை எண்ணிப் பாலத்தில் ஒரு போர்டில் எழுதினால் போதும். ரத்தப்புழு மட்டும் இருந்த இடத்தில் தட்டான் குஞ்சு வந்தால் அது லாபம்.

கரையில் நடைபாதை போட்டு, செடி நட்டு, ரிப்பன் வெட்டிவிடலாம். பூச்சியை அப்படி விழாவுக்கு அழைத்துவர முடியாது. தண்ணீர் பிடித்தால்தான் தங்கும்.

ஜுவாலஜி நண்பர்கள் யாராவது ரெடியா? பூச்சியை நீங்கள் அடையாளம் சொல்லுங்கள், கணக்கு நோட்டை நான் எழுதுகிறேன்.