பகல் உனக்கு... சாயங்காலம் எனக்கு!

டமால்!

கட்டிலே ஆடின மாதிரி ஒரு சத்தம். அலறி எழுந்து உட்கார்ந்தேன். மணி பகல் ஒண்ணு. இடம்: ஸ்காட்லாந்தின் எடின்பரோ. பக்கத்துல வீட்டுக்காரம்மா இல்லை. தலையணை மேல ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்துச்சு. 'கோட்டைக்குப் போறேன். ரெண்டு டிக்கெட்ல ஒண்ணு வேஸ்ட்.'

பயப்படாதீங்க மக்களே, போர் எதுவும் மூளலை. எடின்பரோ கோட்டையில ஞாயிற்றுக்கிழமை மாதிரி சில நாள் தவிர தினமும் சரியா ஒரு மணிக்கு பீரங்கி வெடிக்கறது வழக்கம். கடல்ல நிக்கற கப்பல்காரங்க கடிகாரத்தைச் சரி பண்ணிக்கறதுக்காக 1861-ல ஆரம்பிச்சாங்களாம். அன்னிக்கு அது எனக்கு அலாரம்!

அந்த அலாரம் வரைக்கும் நான் எப்படித் தூங்கினேன்னு சொல்லணும்னா, கதையை அஞ்சு நாள் ரிவைண்ட் பண்ணணும்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே கிளாஸ். கல்யாணமாகி ஏழு வருஷமாச்சு, இன்னும் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவா. ரொம்ப நாள் காசு சேர்த்து பிரிட்டன் டிரிப் முடிவாச்சு. அவளுக்கு மியூசியம், கோட்டை, சர்ச் பார்க்கணும். எனக்கு பப் பார்க்கணும். சண்டை வரக்கூடாதேன்னு ஃப்ளைட்லயே ஒரு ஒப்பந்தம் போட்டோம். பகல் உனக்கு, சாயங்காலம் எனக்கு. எவ்ளோ நியாயமான டீல் பாருங்க!

முதல் ஸ்டாப் லண்டன். முதல் நாள் பகல் பிரிட்டிஷ் மியூசியம். உள்ளே போக டிக்கெட் கிடையாது, கால் வலி மட்டும் ஃப்ரீ. வெளியே வந்ததும், "உனக்குப் பிடிச்ச சமாச்சாரம் ஒண்ணு காட்டறேன் வா"ன்னு கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிட்டுப் போனா. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு முனையில டொமினியன்னு ஒரு பெரிய தியேட்டர். "இங்கே முன்னாடி ஒரு பீர் ஃபேக்டரி இருந்துச்சு. 1814 அக்டோபர் 17-ம் தேதி, 22 அடி உயர மரத்தொட்டி வெடிச்சு, தெருவெல்லாம் பீர் வெள்ளம்"னா.

"ஆஹா, என்ன ஒரு வெள்ளம்! நான் அப்பப் பொறக்காமப் போயிட்டேனே"ன்னு வழிஞ்சேன்.

அவ சிரிக்கலை. "எட்டு பேர் செத்தாங்கடா. எல்லாரும் பொம்பளைங்க, குழந்தைங்க. பின்னாடி இருந்த குடிசைப் பகுதி ஏழைங்க. ஒரு வீட்ல செத்துப்போன குழந்தைக்கு துக்கம் விசாரிக்க வந்தவங்களும் அதுல இருந்தாங்க. குடிக்க வந்தவங்க ஒருத்தர்கூட இல்லை."

விசாரணையில அது விபத்துன்னு தீர்ப்பாச்சு. வீணாப் போன பீருக்குக் கட்டின வரி மட்டும் கம்பெனிக்குத் திரும்பக் கிடைச்சுது. நான் ரெண்டு நிமிஷம் சோகமா மூஞ்சியை வெச்சுக்கிட்டு, மூணாவது நிமிஷம் மணி பார்த்தேன். என் ஷிஃப்ட் ஆரம்பமாக வேண்டிய நேரம்!

முதல் பப்லயே பல்பு. ஜன்னலோர டேபிளா பார்த்து உட்கார்ந்து, 'சர்வர் வருவார்'னு இருபது நிமிஷம் காத்திருந்தோம். ஒரு ஈ காக்கா வரலை. கடைசியில பக்கத்து டேபிள் தாத்தா பரிதாபப்பட்டு கவுன்டரைக் காட்டினார். பெரும்பாலான பப்ல நாமதான் கவுன்டருக்குப் போய் கேட்டு, காசு கொடுத்து, கையில வாங்கிட்டு வரணும். ஒரு பின்ட்னா 568 மில்லி. பாதி வேணும்னா ஹாஃப் பின்ட். மேடம் ஒரு ஹாஃப் பின்ட் ஆப்பிள் சைடர் வாங்கிக்கிட்டா. ராத்திரி முழுக்க அந்த ஒண்ணுதான்.

அடுத்து ரெண்டு மணி நேர ரயில் பயணத்துல யார்க். ஊரைச் சுத்தி பழங்கால மதில். அது மேலயே வாக்கிங் போகலாம். யார்க் மின்ஸ்டர் சர்ச்சோட கிழக்கு ஜன்னல் கண்ணாடி ஓவியத்தை 1405-லேர்ந்து 1408 வரைக்கும் மூணு வருஷம் உழைச்சு முடிச்சிருக்காங்க. மேடம் அண்ணாந்து பார்த்தபடி அரை மணி நேரம் அசையலை. சாயங்காலம் என் டர்ன். கை பம்பை இழுத்து ஊத்தற காஸ்க் ஏல் வாங்கி ஒரு வாய் குடிச்சேன். "என்னய்யா இது, ஐஸே இல்லை!" பீப்பாய்க்குள்ளயே ரெண்டாவது தடவை நுரைச்சு வர்ற பீர் அது. நிலவறையில கிட்டத்தட்ட 12 டிகிரியில வெச்சிருப்பாங்க. ஜில்லுன்னு கொடுத்தா ருசி தெரியாதாம். பெரிய கம்பெனிகளோட பீருக்கு நடுவுல இந்த வகை அழிஞ்சிடக்கூடாதுன்னு 1971-லயே ஒரு இயக்கம் ஆரம்பிச்சவங்க அவங்க. அந்த பப்ல ஒரு பாட்டி குறுக்கெழுத்து போட்டுக்கிட்டிருந்தாங்க. ஒரு நாய் அடுப்போரம் தூங்கிக்கிட்டிருந்துச்சு. ஒருத்தரும் கத்தலை. 'குடிக்கற இடம் இப்படிக்கூட இருக்குமா'ன்னு மேடமே ஆச்சரியப்பட்டா. ஒப்பந்தம் சூப்பரா ஓடுதுன்னு நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை எடின்பரோ. அங்கேதான் சனி பிடிச்சுது.

கோட்டைக்குக் கீழே கிராஸ்மார்க்கெட்னு ஒரு தெரு. ஒரு காலத்துல பொது இடத்துல தூக்குப் போட்ட இடம். இப்ப வரிசையா பப். ஒரு பப்போட பேரே 'தி லாஸ்ட் டிராப்'. கடைசிச் சொட்டுன்னு நினைச்சு நாக்கைத் தொங்கப் போட்டீங்கன்னா, அது தூக்கு மேடையில கடைசியா விழற விழுகையாம்! அந்தத் தெருவுல வேறொரு பப்ல, யார்க்ஷயர்லேர்ந்து வீக் எண்டுக்கு வந்த நாலு பேர் பழக்கமானாங்க. நான் இந்தியான்னு தெரிஞ்சதும் சச்சின் பேச்சு. 1992-ல யார்க்ஷயர் டீம் முதன்முதலா எடுத்த வெளிநாட்டு ஆட்டக்காரர் நம்ம ஆளுதானே? அப்புறம் என்ன, ஒரே பாசமழை!

அங்கே 'ரவுண்ட்'னு ஒரு பழக்கம். ஒருத்தர் போய் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த தடவை அடுத்தவர். நடுவுல எழுந்து போனா 'வாங்கிக் குடிச்சுட்டு நழுவறான்'னு ஆயிடும். இந்த ரவுண்டுக்கு பயந்து, முதல் உலகப் போர் சமயத்துல 1915-ல, அடுத்தவனுக்கு சரக்கு வாங்கித் தரக்கூடாதுன்னே பிரிட்டன்ல உத்தரவு போட்டிருக்காங்க. அஞ்சு பேர்னா அஞ்சு ரவுண்ட். ஏற்கெனவே ஒண்ணு உள்ளே போயிருந்துச்சு. மொத்தம் ஆறு பின்ட்.

மேடம் ஒன்பதரைக்கே எழுந்துட்டா. "காலைல ஒன்பதரைக்கு கோட்டை. டிக்கெட் எடுத்தாச்சு. பத்து மணிக்கு வந்துடு."

"இதோ வந்துட்டேன்"னு சொன்னேன். ரூமுக்குப் போனப்ப மணி பன்னெண்டு. அப்புறம் நான் பார்த்ததெல்லாம் பீரங்கிதான். பார்க்கக்கூட இல்லை... கேட்டேன்!

இதுல ஒரு கணக்கு இருக்கு. 4 சதவிகித பீர் ஒரு பின்ட்ல 2.3 யூனிட் ஆல்கஹால். ஆறு பின்ட்னா கிட்டத்தட்ட 14 யூனிட். பிரிட்டன் அரசாங்கத்தோட மருத்துவ ஆலோசனைப்படி, ஒரு வாரம் முழுக்கவே 14 யூனிட்டைத் தாண்டக்கூடாது. நான் அதை ஒரே ராத்திரியில முடிச்சிருந்தேன். உடம்பு சுமாரா மணிக்கு ஒரு யூனிட்தான் வெளியேத்தும். காபி, குளியல், மோர் எதுவும் அதை வேகப்படுத்தாது. அதாவது, பீரங்கி வெடிச்ச அந்த நிமிஷம்கூட எனக்கு முழுசா இறங்காம இருந்திருக்கலாம்.

மூணு மணிக்கு அவ வந்தா. நான் குளிச்சு, தலை சீவி, நல்ல பிள்ளையா உட்கார்ந்திருந்தேன்.

"கோட்டை எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. பீரங்கிக்குப் பக்கத்துலயே நின்னேன். வெடிச்சதும் எல்லாரும் பதறிப்போய், பக்கத்துல இருந்தவங்களைப் பார்த்து சிரிச்சாங்க." ஷூ லேஸை அவிழ்த்துக்கிட்டே சொன்னா, "நான் யாரைப் பார்த்து சிரிக்கறது?"

எனக்கு வாய் வரலை.

"சாயங்காலம்தானே உனக்குக் கொடுத்தேன்? பகலையும் சேர்த்து குடிச்சுட்டியேடா."

அந்த டொமினியன் தியேட்டர் வாசல் ஞாபகம் வந்துச்சு. குடிக்காதவங்க மேல வந்து விழுந்த வெள்ளம். நான்கூட அன்னிக்கு அதுக்கு ஜோக் அடிச்சேன்.

சாரி கேட்டேன். பத்து தடவை கேட்டேன். ஆனா, மேட்டர் அதோட முடியலை பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் எடுத்தோம். அங்கேயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும். சுற்றுலா போறவங்களுக்கு நம்ம லைசென்ஸே போதும். போறது வடக்கே மலைகளைத் தாண்டி, ஸ்பேசைட் பகுதியில டஃப்டவுன்னு ஒரு சின்ன ஊர். 1887-ல வில்லியம் கிராண்ட் குடும்பம் விஸ்கி வடிக்க ஆரம்பிச்ச கிளென்ஃபிடிக் அங்கேதான் இருக்கு. சுத்துப்பட்டு பூரா விஸ்கி வடிக்கற டிஸ்டிலரிகள்தான். வேறொரு டிஸ்டிலரியில மறுநாளுக்கு புக் பண்ணியிருந்தோம். முந்தாநாள் பட்டதெல்லாம் மறந்து போய், கூலா சொன்னேன்:

"நாளைக்கு நீ ஓட்டிடு."

"ஏன் நான்?"

"நீதான் அவ்ளோவா குடிக்க மாட்டியே..."

"குடிக்க மாட்டேன்னு நான் எப்போடா சொன்னேன்? ரெண்டு பேரும் குடிச்சா வீட்டுக்கு யார் ஓட்டறதுன்னுதான் ஒவ்வொரு தடவையும் அரை கிளாஸோட நிறுத்தறேன். ஏழு வருஷமா நீ கேட்டதே இல்லை."

நிஜம்தான். ஃப்ரெண்டு கல்யாணம், நியூ இயர் பார்ட்டி எல்லாத்துலயும் சாவி அவ ஹேண்ட்பேக்லதான் இருந்திருக்கு. நான் எத்தனை கிளாஸ்னு எண்ணினதும் அவதான். 'அவளுக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்லை'ன்னு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன். எனக்கு வசதியான முடிவு!

திங்கட்கிழமை காலையில நானே சாவியை எடுத்துக்கிட்டேன்.

பார்லியை முளைகட்டி, காயவெச்சு, அரைச்சு, வெந்நீர்ல ஊறவெச்சு, ஈஸ்ட் போட்டு நுரைக்க வெச்சு, செப்புப் பானைகள்ல ரெண்டு தடவை வடிக்கறாங்க. அப்புறம் ஓக் மரப் பீப்பாய்ல குறைஞ்சது மூணு வருஷம் இருந்தாத்தான் ஸ்காட்ச்னு பேர் வைக்கலாம். அது சட்டம். பீப்பாய்லேர்ந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவிகிதம் காத்துல ஆவியாப் போயிடுமாம். அதுக்கு 'தேவதைகளின் பங்கு'ன்னு பேர். கடைசியில டேஸ்டிங் டேபிள். மேடம் முன்னாடி மூணு கிளாஸ். எனக்கு மூக்கு மட்டும். நானும் ஒரு தேவதை!

அவ முதல் கிளாஸை வாய்ல வெச்சப்ப மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! ரெண்டாவது, "பரவாயில்லை." மூணாவதுல பாதியை வெச்சுட்டு எழுந்துட்டா.

"நீங்கதான் டிரைவரா?"ன்னு கேட்டு, அங்கே இருந்தவர் என் கையில விரல் நீளத்துக்கு ஒரு குட்டி பாட்டிலைக் கொடுத்தார். வண்டி ஓட்டறவர் பங்கு, ரூமுக்குப் போய் குடிச்சுக்கலாம். ஸ்காட்லாந்துல பல டிஸ்டிலரிகள்ல இந்த மரியாதை உண்டு. காரணம் இல்லாம இல்லை. 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம்னு இருந்த வரம்பை 2014-ல அவங்க 50-ஆ குறைச்சுட்டாங்க. குடிக்காதவனை ஓரமா நிக்க வைக்காம, அவனுக்கும் ஒரு பங்கு எடுத்து வெச்சுடறாங்க பாருங்க, அது பிடிச்சிருந்துச்சு.

திரும்பும்போது மேடம் சீட்டை நல்லா பின்னாடி சாய்ச்சு, கண்ணாடியை இறக்கி விட்டா. ஆறு, ஆட்டு மந்தை, பச்சை மலை. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "உன் பக்கத்துல உட்கார்ந்து நிம்மதியா வெளியே பார்த்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"ன்னா.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஏன் இதையெல்லாம் உங்ககிட்ட புலம்பறேன்னா, உங்க கேங்லயும் அப்படி ஒரு ஆள் இருப்பான். டூர்னா யார் எவ்ளோ போடறது, எந்த ரூம், எந்த பீச், எல்லாம் பேசுவீங்க. பைக் சாவியை வெச்சுக்கிட்டு ஓரமா உட்கார்ந்து, வாந்தி எடுக்கறவன் தலையைப் பிடிச்சு, வார்டனுக்கு பதில் சொல்லப் போறது யாருன்னு மட்டும் பேசமாட்டீங்க. ஏன்னா, அது எப்பவும் அதே ஆள். நம்ம நாட்டுல வண்டி ஓட்டறவங்களுக்கு வரம்பு இன்னும் கம்மி, 30 மில்லிகிராம்தான். ஸோ, அந்த ஆள் இல்லாம உங்க டூரே இல்லை. அவனுக்கு நிஜமாவே இதுல இஷ்டமா, இல்லை நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா? ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

அந்தக் குட்டி பாட்டில் இப்ப எங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. சீல் உடைக்கலை. போன வாரம் ஆசையா எடுத்துப் பார்த்தேன்.

"திறக்கலாம். ஆனா, அன்னிக்கு ராத்திரி ஏர்போர்ட்டுக்குப் போய் எங்கம்மாவைக் கூட்டிட்டு வர்றது யாரு?"ன்னா மேடம்.

பாட்டில் திரும்ப ஷோகேஸுக்கே போயிடுச்சு. அடுத்த வாரம் மீட் பண்ணலாம் மக்களே!